பயிற்சிக்கூடம் – 9: தலையாட்டும் வகுப்பு

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். அப்போது அவருக்கு வயது 16. அவர் ஆடிய இந்திய ‘பி’ அணி ஆர்.பி. ரமேஷின் பயிற்சியில் வெண்கலம் வாங்கியது. இன்று செங்கல்பட்டுப் பக்கம் பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்க வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “தினமும் எத்தனை மணி நேரம் சார் ஆடணும்?”

ஆய்வுகளைப் படித்த பயிற்றுநர் இதற்கு எண்ணைச் சொல்ல மாட்டார். அர்ஜென்டினா ஆட்டக்காரர்களைப் பற்றி கோபேயும் காம்பிடெல்லியும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000-க்கு மேல் பிடித்தது. எதிலும் வல்லவராகப் பத்தாயிரம் மணி நேரம் வேண்டும் என்ற கணக்கை நம்பிப் பத்து வயதுப் பிள்ளைக்கு அட்டவணை போடுவது அநியாயம்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1973-ல் வெளியான ஆய்வில் சேஸும் சைமனும் உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து திரும்ப வைக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பதினாறு காய்கள்வரை சரியாக வைத்தார், புதியவர் நான்கைந்துதான். அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியதும் மாஸ்டரின் மேன்மை காணாமல் போயிற்று. வல்லவரின் சொத்து, ஆடி ஆடிக் கண்ணில் ஊறிய அமைப்புகள்.

அவற்றை ஊற வைப்பதில்தான் பல வகுப்புகள் சறுக்குகின்றன. ஆசிரியர் டெமோ போர்டில் ஒரு அழகான ராணித் தியாகத்தை நகர்த்திக் காட்டுகிறார். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். எல்லோருக்கும் திருப்தி. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். மறு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதியவர்கள் முந்தினார்கள். வகுப்பு முடிவில் தெரியும் தெளிவு பயிற்றுநரையே ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கையை நான் படித்ததில்லை.

அது உரைநடைப் பாடங்களை வைத்துச் செய்த ஆய்வு. அதைப் பலகைக்குக் கொண்டுவருவது பயிற்றுநர் வேலை. நிலையை வைத்துவிட்டு, காயைத் தொடாமல் முழு வரிசையையும் தாளில் எழுதச் சொல்லலாம். விடையைச் சொல்லாமல் பத்து நிமிடம் பொறுக்கலாம். அடுத்த சனிக்கிழமை அதே நிலையைச் சொல்லாமல் கொள்ளாமல், கறுப்பு வெள்ளையை மாற்றி வைக்கலாம். குகேஷின் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப வருடங்களில் அவரைக் கணினி என்ஜின் பக்கம் விடாததையும் இதே வழியாகத்தான் பார்க்கிறேன். என்ஜின் விடையை நொடியில் நீட்டிவிடும். தேடும் உழைப்பு பிள்ளைக்கு மிஞ்சாது.

பிள்ளை திணறுவதைப் பார்த்தால் கட்டணம் கட்டியவர் முகம் சுளிப்பார். அதனால் சேர்க்கும் நாளிலேயே பெற்றோரை உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்: “இன்னிக்கு எழுதின தாளைக் காட்ட மாட்டேங்க, அடுத்த வாரம் எழுதுற தாளைத்தான் காட்டுவேன்.”

பிள்ளை தவறாக யோசிக்கும்போது பயிற்றுநர் எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)