பழைய சாலைக்குப் பழைய காதல் பாட்டு

தாப்பாவில் விரைவுச்சாலையை விட்டு இறங்கினால் கம்பார், கோப்பெங் வழியாக ஈப்போ. அங்கிருந்து சுங்கை சிப்புட், கோலகங்சார் தாண்டித் தைப்பிங். விடுமுறைக்குக் கிளம்பும் ஜோடிகள் பேரா மாநிலத்தில் இந்தப் பழைய சாலையைத்தான் பிடிக்க வேண்டும். நேரம் கூடுதலாகும், ஆகட்டும். சுண்ணாம்புக் குன்றுகளும் செம்பனையும் அங்கங்கே மிஞ்சிய ரப்பர் மரங்களும் கூட வரும்போது, காரில் 1950, 60களின் தமிழ்க் காதல் பாடல்கள் ஒலிக்க வேண்டும்.

அந்தப் பாடல்கள் இந்த மண்ணுக்கு விருந்தாளிகள் அல்ல. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்து திரும்பிய தோட்ட மக்களுக்குத் திடலில் காட்டிய படம் திருவிழா மாதிரி. கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்வரிசைப் பாய்க்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். மறுநாள் காலை அதே பாட்டு பால்மரக் காட்டுக்குள் முணுமுணுப்பாகக் கேட்கும். காதலை வெளியே சொல்லவே தயங்கிய லயத்து வீடுகளில், சொல்ல நினைத்ததைச் சொல்லிக் கொடுத்தவை இந்தப் பாடல்கள்தாம்.

எதிலிருந்து தொடங்குவது? தயங்காமல் ‘தேன் நிலவு’. 1961இல் ஸ்ரீதர் இயக்கி, ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்த படம். காஷ்மீருக்கே போய் எடுத்தார்கள். இசையமைத்தவர் ஏ.எம்.ராஜா, சுசீலாவோடும் ஜானகியோடும் சேர்ந்து பாடியவரும் அவரே. அவர் குரலைக் கூர்ந்து கேட்க வேண்டும். எங்கும் ஓங்காது, இழுத்து வித்தை காட்டாது. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேசும் அளவுக்குத்தான் எழும். ஆண் குரல் ஒரு வரியை விட்ட இடத்தில் பெண் குரல் அதே மென்மையோடு எடுத்துக்கொள்ளும். இருவரில் யாரும் மற்றவரை அமுக்கிப் பாடுவதில்லை. காதல் டூயட்டுக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

ராஜா பிடித்துப்போனால் ‘மிஸ்ஸியம்மா’வுக்கும் (1955), அவரே இசையமைத்த ‘கல்யாணப் பரிசு’க்கும் (1959) பின்னோக்கிப் போகலாம்.

அந்தக் காலப் பாடல்கள் சுருக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே பாட்டு அடங்கும். அதற்குள் பல்லவி மனதில் பதிய வேண்டும். இரண்டு மூன்று சரணத்தில் கதை முடிய வேண்டும். அந்த நெருக்கடியில்தான் ஒவ்வொரு சொல்லும் நிறுத்து வைக்கப்பட்டது.

அடுத்து, 1964இல் வந்த இரண்டு படங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ முழுக்கக் குறும்பு. பி.பி.ஸ்ரீநிவாஸின் பட்டுக் குரலும் இளம் ஜேசுதாஸும் அதில் உண்டு. ‘புதிய பறவை’ வேறு ரகம். கப்பல் பயணத்தில் மலரும் காதல், சிங்கப்பூர் இரவு விடுதியில் பாடுவதாக வரும் சுசீலாவின் பாட்டு, விஸ்வநாதன் – ராமமூர்த்தியின் பெரிய வாத்தியக் குழு. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் வந்திறங்கியவர்கள் அன்று பேராத் தோட்டங்களில் நிறையப் பேர். திரையில் கப்பலைப் பார்த்தபோது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது சினிமாக் கப்பல் மட்டுமாக இருந்திருக்காது.

புதியது வேண்டுமென்போர் சிங்கப்பூரில் படமான ‘பிரியா’ (1978) வரை வரலாம். ரஜினிக்காக ஜேசுதாஸ் பாட, இளையராஜா இசை.

வழியில் ஈப்போவில் வெள்ளைக் காப்பி குடித்து, புந்தோங்கில் கச்சான் பூத்தே பொட்டலங்களும் முறுக்கும் வாங்கிக்கொண்டால் தைப்பிங் வரை தாங்கும். பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1880களில் உருவான ஏரிப் பூங்கா அங்கே இருக்கிறது. தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடும்படி கிளை தாழ்த்தி நிற்கும் கரையில், ‘தேன் நிலவு’ பாடல்களை மறுபடி ஒரு முறை போடலாம்.

தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. திடலில் படம் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. கிளம்புமுன் வீட்டுப் பெரியவர்களிடம், கல்யாணமான புதிதில் அவர்கள் விரும்பிக் கேட்ட பாட்டு எது என்று கேளுங்கள். பட்டியலில் முதல் பாட்டாக அதையே போடுங்கள்.