3 வயசுக் குழந்தை பொய் சொல்லுதா? கை ஓங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வாய் முழுக்க சாக்லேட். "நீதானே எடுத்த?" என்று கேட்டால், "நான் இல்லம்மா, பூனை சாப்பிட்டுச்சு" என்று சொல்கிறது 3 வயதுக் குழந்தை. சிலருக்குச் சிரிப்பு வரும். பலருக்கு, 'இந்த வயசுலயே பொய்யா? இப்பவே கண்டிக்கலைன்னா கெட்டுப் போயிடுமே' என்ற பயம் வரும். ஆனால் குழந்தை உளவியல் சொல்வது வேறு. குழந்தையின் முதல் பொய் ஒழுக்கக்கேடு அல்ல, அதன் மனசு வளர்வதற்கான ஒரு அடையாளம். எப்படி? பார்க்கலாம் வாங்க.

பொய் சொல்ல மூளை என்ன செய்யணும்?

ஒருத்தரிடம் பொய் சொல்ல வேண்டும் என்றால், 'எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாது' என்பது முதலில் புரிய வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இது எளிதில் பிடிபடாது.

விம்மர், பெர்னர் என்ற ஆய்வாளர்கள் 1983-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் பையன் எங்கே தேடுவான்? 3 வயதுக் குழந்தைகள் பொதுவாக, சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைத்தான் காட்டுவார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைப்பார்கள். 4, 5 வயதில்தான் 'அவனுக்கு இது தெரியாதே' என்பது மெல்லப் பிடிபடுகிறது.

3 வயதுக் குழந்தையின் பொய் உடனே மாட்டிக்கொள்வதும், 5 வயதில் அது கொஞ்சம் 'நம்புற மாதிரி' ஆவதும் இதனால்தான். அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளும் இதே திறமைதான் பிறகு இரக்கமாகவும் மாறுகிறது.

தப்பு எது? ஒரு கப்பா, 15 கப்பா?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1932-ல் வெளியான தன் நூலில் இரண்டு சிறுவர்களின் கதையைச் சொல்கிறார். ஒருவன் கதவைத் திறக்கிறான். பின்னால் கப்புகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கப்புகள் உடைந்துவிடுகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப் போய் ஒரு கப்பை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு?

சின்னக் குழந்தைகள் பலர் '15 உடைச்சவன்தான்' என்றார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்த்தார்கள். அதாவது, சின்ன வயதில் 'எவ்வளவு சேதம், எவ்வளவு திட்டு' என்பதுதான் கணக்கு. 'ஏன் செஞ்சான்' என்ற கேள்வி பிறகுதான் வருகிறது.

அடிச்சா திருந்தாதா?

2011-ல் வெளியான ஒரு ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. விக்டோரியா தல்வார், காங் லீ ஆகியோர் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் 3, 4 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் அடி, கடும் தண்டனை உண்டு, இன்னொன்றில் இல்லை. 'பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு, பிறகு 'பார்த்தியா?' என்று கேட்டார்கள். தண்டனை அதிகமுள்ள பள்ளியின் குழந்தைகளே அதிகம் பொய் சொன்னார்கள். அதுமட்டுமல்ல, மாட்டிக்கொள்ளாமல் சொல்வதிலும் அவர்களே கெட்டி!

இந்தியாவிலும், 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளிகளில் குழந்தைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

டீன் ஏஜ்ல என்ன நடக்குது?

13 வயதுக்கு மேல் சரி, தப்பு தெரியாமல் இல்லை. ஆனால் நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. 2005-ல் வெளியான ஒரு ஆய்வில், கார் ஓட்டும் வீடியோ கேமை பதின்வயதினரும் பெரியவர்களும் ஆடினார்கள். நண்பர்கள் பார்க்கும்போது பதின்வயதினர் அதிக ரிஸ்க் எடுத்தார்கள். பெரியவர்களிடம் அப்படிப் பெரிய மாற்றம் இல்லை. விளைவை யோசித்து நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி, 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் 'இவ்வளவு வளர்ந்துட்ட, புத்தி இல்லையா?' என்ற கேள்வி அந்த வயதில் எடுபடுவதில்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பதில் தெரிந்தே 'யார் எடுத்தது?' என்று பொறி வைக்காதீங்க. 'சாக்லேட் எடுத்திருக்க, வா வாய் கழுவலாம். அடுத்த தடவை கேட்டுட்டு எடு' என்று சொல்லுங்க.
* உண்மையைச் சொன்னால் முதலில் அதைப் பாராட்டுங்க. பிறகு செய்த தப்பைச் சரிசெய்ய வைங்க. சிந்தியதைத் துடைக்கட்டும், உடைத்த பொம்மைக்கு மன்னிப்புக் கேட்கட்டும்.
* 'தப்பு' என்பதோடு நிறுத்தாமல், அதனால் யாருக்கு எப்படி வலிக்கும் என்று சொல்லுங்க.
* போன் வந்தால் 'அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு' என்று நாமே பாடம் எடுக்காமல் இருக்கணும்.

ஓயாத பொய்யோடு திருட்டு, பிறரைக் காயப்படுத்துவது, பள்ளிக்குப் போக பயம் போன்றவையும் சேர்ந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்க. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம்.

இன்றைக்குப் பிரச்னை ஒரு சாக்லேட்தான். ஆனால் 15 வயதில் போன்ல யாராவது மிரட்டினாலோ, நண்பர்கள் தப்பான வழிக்குக் கூப்பிட்டாலோ, அந்தப் பிள்ளை முதலில் வந்து சொல்லும் ஆள் நாமாக இருக்க வேண்டும். 'உண்மையைச் சொன்னா அம்மா அப்பா கேட்பாங்க' என்ற நம்பிக்கை, இந்தச் சாக்லேட் விஷயத்தில்தான் தொடங்குகிறது.