வெளியே ஓடு, உள்ளே பஞ்சு: எலும்புக்கு ஏற்ற பீங்கான்

தொடை எலும்பின் தலைப்பகுதியை அறுத்துப் பார்த்தால், வெளியே கெட்டியான ஓடும் உள்ளே பஞ்சு போன்ற வலைப்பின்னலும் தெரியும். ஓட்டில் துளைகள் சுமார் 10 சதவீதம்தான். பஞ்சுப் பகுதியிலோ பாதிக்கு மேல் துளைகளே. ஒன்று மற்றொன்றாகப் படிப்படியாக மாறுகிறது. செயற்கை எலும்பு செய்வோருக்கு இந்தப் படிப்படியான மாற்றம்தான் பெரும் சவால்.

உடைந்த எலும்புக்குத் துணையாக வைக்கும் டைட்டானியம், எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. சுமையை அதுவே தாங்கிக்கொள்வதால், வேலையிழந்த எலும்பு நாளடைவில் மெலிந்துபோகிறது. ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற பீங்கான் அப்படி அந்நியப் பொருள் அல்ல; நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிமத்துக்கு நெருங்கிய கால்சியம் பாஸ்பேட். ஆனால் அதைக் கெட்டியாகச் சுட்டால் எலும்புச் செல்கள் உள்ளே நுழைய முடியாது. ரத்தக் குழாய்கள் வளர ஏதுவாக 300 மைக்ரான் அளவுக்குத் துளை விட்டால் வலு குறைகிறது. ஆகவே ஒரே துண்டில் கெட்டியான பகுதியும் துளையுள்ள பகுதியும் வேண்டும்.

இப்படிப் படிப்படியாக மாறும் பொருள்களை முறையான ஆய்வாக வளர்த்தவர்கள் 1980களின் ஜப்பானிய விஞ்ஞானிகள். விண்வெளி விமானத்தின் கடும் வெப்பத்தைத் தாங்கும் சுவர்தான் அவர்களின் இலக்கு.

எலும்புக்கான பீங்கானின் செய்முறை கேட்க எளிது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சைப் பீங்கான் குழம்பில் தோய்த்து, மிகுதியைப் பிழிந்து, உலர்த்திச் சூளையில் வைக்கிறார்கள். ஸ்பாஞ்ச் எரிந்து போகும். அதன் வடிவம் பீங்கானாக நிற்கும். துளை அளவு வேறுபடும் ஸ்பாஞ்சுகளை அடுக்கினால் படிநிலை கிடைத்துவிடும். சிக்கல் சூளைக்குள்தான். சுடும்போது பீங்கான் சுருங்கும். கெட்டியான அடுக்கும் துளையுள்ள அடுக்கும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் இணைப்பில் விரிசல் விழும். வெப்பத்தைக் கூட்டி இறுக்கிவிடலாம் என்றால், 1,300 டிகிரி செல்சியஸையொட்டி ஹைட்ராக்ஸிஅபடைட்டே சிதையத் தொடங்குகிறது. அதனால் தூளின் பருமன், குழம்பின் அடர்த்தி, சூடேற்றும் வேகம் மூன்றையும் அடுக்குக்கு அடுக்கு பொருத்த வேண்டியிருக்கிறது. என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான திறமை இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது. முப்பரிமாண அச்சு துளைகளை விரும்பியபடி அமைக்க உதவுகிறது. சூளையின் சுருக்கத்திலிருந்து மட்டும் அதற்கும் விலக்கில்லை.

வளைத்தால் முறியும் குணம் இன்னும் போகவில்லை. எனவே கால்சியம் பாஸ்பேட் பீங்கான்கள் இன்று பெரும்பாலும் தாடையிலும் எலும்புக் குழிகளிலும் நிரப்பியாகவோ, உலோகத்தின் மேல் பூச்சாகவோதான் பயன்படுகின்றன. உடல் எடையைத் தாங்கும் செயற்கை இடுப்பு மூட்டின் தண்டு இன்னமும் உலோகம்தான்.