காரே வீடு! காடே முற்றம்!

ஓட்டல் வேண்டாம். விருந்தாளி மாளிகை வேண்டாம். காரிலேயே குடித்தனம் நடத்தி, ஊர் ஊராகச் சுற்றியது ஒரு ஜெர்மன் ஜோடி!

அவர் பெயர் குந்தர் ஹோல்டார்ப். விமானக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, 1989-ம் ஆண்டில் ஒரு பென்ஸ் வண்டியில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். வண்டிக்கு "ஓட்டோ" என்று செல்லப் பெயர்.

பிறகு கிறிஸ்டின் என்ற அம்மாள் துணைக்கு வந்தார். இருவரையும் சேர்த்து வைத்தது பத்திரிகை விளம்பரம். (இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல!)

மரத்தில் தூளி

பகலில் மரத்தில் தூளி கட்டி இளைப்பாறுவார்கள். வெட்டவெளியில் சமையல். இரவில் வண்டிக்குள் மெத்தை. பாலைவனம், மலை, காடு எங்கும் இதே குடித்தனம்தான். வண்டி மக்கர் செய்தால் குந்தரே கீழே படுத்து ரிப்பேர் பார்ப்பார்.

கடைசி ஆசை

கிறிஸ்டினைப் புற்றுநோய் பற்றியது. 2010-ம் ஆண்டில் இருவரும் முறைப்படி மணம் செய்துகொண்டார்கள். விரைவிலேயே அவர் கண் மூடினார். பயணம் நிற்கக் கூடாது என்பது அவர் ஆசை.

குந்தர் மீண்டும் வண்டியை எடுத்தார். கண்ணெதிரே மனைவியின் படம் தொங்கியது.

2014-ல் பயணம் முடிந்தபோது, ஓட்டோ ஓடியிருந்த தூரம் சுமார் 9 லட்சம் கிலோமீட்டர். பென்ஸ் கம்பெனியின் மியூசியத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார் குந்தர்.