மாரிமழையும் கோழிக்குஞ்சின் குடலும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோழி வளர்ப்போர் மாரி காலத்தில் அஞ்ச வேண்டிய நோய்களுள் ஒன்று இரத்தக்கழிச்சல். 3 முதல் 6 வார வயதுக் குஞ்சுகளே இதற்கு அதிகம் இரையாகின்றன.

காரணம் என்ன?

ஐமீரியா எனும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. கோழியைத் தாக்கும் 7 இனங்கள் பரவலாக அறியப்பட்டவை. நோயுற்ற கோழியின் எச்சத்தோடு இது தடித்த உறைக்குள் வெளியேறும். உடனே தொற்றாது. ஈரம், வெப்பம், காற்று மூன்றும் கிடைத்தால் 1–2 நாளில் முதிர்ந்துவிடும். மழைச்சாரலில் நனைந்த உமித்தரையில் இம்மூன்றும் உண்டு.

குடலில் நடப்பது

முதிர்ந்த உறை ஒன்றைக் குஞ்சு விழுங்கினால், 8 நுண்ணுயிர்கள் வெளிப்பட்டுக் குடற்சுவர்க் கலங்களுக்குள் புகும். அங்கே பெருகி, கலங்களை வெடிக்கச் செய்து, அடுத்தவற்றைத் தாக்கும். அசெர்வுலினா இனம் முன்குடலைப் பாதித்து, தீனியின் சத்து உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். இரத்தம் தெரியாது, குஞ்சு வளராது. டெனெல்லா இனமோ குருட்டுக்குடலின் ஆழத்தில் பெருகி இரத்தக் குழாய்களைச் சிதைக்கும். தொற்றிய 4ஆம், 5ஆம் நாளில் எச்சத்தில் இரத்தம் தெரியும். புண்பட்ட குடலில் குளொஸ்ரிடியம் பக்டீரியா பெருகினால் குடல் அழுகலும் சேர்ந்துகொள்ளும்.

மருந்து போதுமா?

இரத்தம் கண்ணில் படும்போது குடலின் சேதம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். ஆனாலும் மற்றக் குஞ்சுகளைக் காக்க மருந்து அவசியம். நோயுற்றவை தீனியை ஒதுக்கினாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால் அம்புரோலியம் போன்ற மருந்துகள் குடிநீரில் கொடுக்கப்படுகின்றன. அளவையும் நாட்களையும் மிருக வைத்தியரே சொல்ல வேண்டும். அம்புரோலியம் கொடுக்கும் நாட்களில் விற்றமின் பி1 கலந்த சத்துநீரைக் கொடுத்தால் மருந்தின் வேகம் குறையும்.

மழைக்கு முன்னே செய்ய வேண்டியவை

ஆலையிலிருந்து உமியை முன்கூட்டியே எடுத்து உலர்த்தி வையுங்கள். சாரல் அடிக்காதபடி கூரையை நீட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு உயர்த்துங்கள். அதைச் சுற்றி நனையும் உமியை அன்றன்றே அகற்றி, மிகுதியைக் கிளறிவிடுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடாதீர்கள்.

வழக்கமான கிருமிநாசினிகள் பெரும்பாலும் ஐமீரியாவின் தடித்த உறையை அழிப்பதில்லை. வெயிலும் உலர்வுமே அதற்குப் பகை. மாரி முடியும்வரை ஒவ்வொரு நாளும் உமியைக் கையில் அள்ளிப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றே மாற்றுங்கள்.