குடற்புற்று பிள்ளைகளுக்கும் வருமா?

குடும்பத்தில் ஒருவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் என்று தெரியவந்ததும் அவ்வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நோயாளி பிழைப்பாரா என்பது ஒன்று. அது வாய்விட்டுக் கேட்கப்படுகிறது. பிள்ளைகளுக்கும் இது வந்துவிடுமோ என்பது மற்றொன்று. அது பெரும்பாலும் மனத்திற்குள்ளேயே வைத்துப் புழுங்கப்படுகிறது. மகளுக்கு வரன் தேடும் வேளையில் இச்செய்தி வெளியே போகலாகாது என்று நோயின் பெயரையே மறைக்கும் பெற்றோரும் உண்டு. இவ்விரண்டாம் கேள்விக்கு இன்றைய மருத்துவ அறிவியல் பெரும்பாலோர்க்குத் தெளிவான விடை தரவல்லது. அதனை அறிய, நம் உடலின் உயிரணுவிற்குள் சற்றே நுழைந்து பார்ப்போம்.

தையற்காரப் பெண்மணியின் அச்சம்

1895ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ அறிஞர் ஆல்டிரட் வார்த்தின் என்பாரிடம், அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண்மணி தம் மனக்குறையைச் சொன்னார். தம் குடும்பத்தாருள் பலர் குடலிலோ கருப்பையிலோ புற்று வைத்து மாண்டனர் என்றும், தமக்கும் அதே முடிவு இளமையிலேயே நேரும் என்றும் கூறினார். அவர் அஞ்சியவாறே கருப்பைப் புற்றால் இறந்தார். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார்.

பின்னர், ஒமாகா நகரில் இயேசு சபையாரின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் ஹென்றி லிஞ்ச், இத்தகைய குடும்பங்களைத் தேடித் தேடி ஆராய்ந்து, தலைமுறைதோறும் தொடரும் குடற்புற்று ஒன்று உண்டு என நிலைநாட்டினார். இன்று அது அவர் பெயராலேயே லிஞ்ச் நோய்த்தொகுதி எனப்படுகிறது. அதற்குக் காரணமான மரபணுக்களுள் முதன்மையானவை 1993, 1994ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன.

ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். குடற்புற்று நோயாளர் நூறு பேரில் ஏறக்குறைய மூவரே இவ்வகையினர்.

எழுத்தின்மேல் ஓர் அரக்கு முத்திரை

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் ஒரே நூல் உள்ளது. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளும், புரதங்களை ஆக்கும் 20,000 மரபணுக்களும் அடங்கிய நூல் அது. கண்ணின் உயிரணுவும் குடலின் உயிரணுவும் ஒரே நூலை வைத்திருந்தும் வெவ்வேறு வேலை செய்வது எங்ஙனம்? ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அதிகாரங்களை மட்டும் திறந்து, ஏனையவற்றை மூடி வைப்பதனால்தான்.

மூடி வைக்கும் வழிகளுள் ஒன்று மீத்தைல் ஏற்றம். ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மிகச் சிறிய மீத்தைல் தொகுதி, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் ஒன்றாகிய சைட்டோசின்மீது அரக்கு முத்திரைபோல் ஒட்டிக்கொள்கிறது. மரபணுவின் தலைவாயிலில் இம்முத்திரைகள் நெருங்கி விழுந்தால் அம்மரபணு வாயடைத்துப் போகும். எழுத்து ஒன்றும் மாறுவதில்லை. படிக்க இயலாதபடி மூடப்படுகிறது, அவ்வளவே. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, புதிய படியிலும் அதே இடங்களில் முத்திரையிட ஒரு நொதி உண்டு. ஆகவே முத்திரையும் உயிரணுவின் வழித்தோன்றல்களுக்குச் சென்று சேர்கிறது.

மரபணுக்களைத் திறந்து மூடும் பணியில் இம்முத்திரைகளுக்குப் பங்குண்டு என்னும் கருத்தை 1975இல் ராபின் ஹாலிடே, ஜான் பியூ ஆகியோர் ஒருபுறமும், ஆர்தர் ரிக்ஸ் மறுபுறமும் தனித்தனியே முன்வைத்தனர். 1983இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ ஃபைன்பர்க், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகியோர், குடற்புற்றுத் திசுவில் இருக்கவேண்டிய முத்திரைகள் பல உதிர்ந்திருப்பதைக் கண்டனர். திறந்திருக்கவேண்டிய சில வாயில்களில் முத்திரை விழுந்திருப்பதும் பின்னர்த் தெரிந்தது. பூட்டவேண்டியது திறந்தும், திறக்கவேண்டியது பூட்டியும் கிடக்கும் வீட்டின் நிலை அது.

பிழைதிருத்துவோன் வாயடைத்தால்

பெருங்குடலின் உட்புறப் படலம் நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அத்தனை முறை நூலைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்வது இயல்பே. அவற்றைக் கண்டு திருத்துவதற்கென்று, அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரைப்போல், சில மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் எம்.எல்.எச்.1 என்பது ஒன்று. அது வேலை செய்யாவிடில் பிழைகள் மலிந்து, நாளடைவில் புற்று தோன்ற வழியாகும்.

இம்மரபணு இரு வகையில் செயலிழக்கும். முதல் வகை எழுத்துப்பிழை. அது பெற்றோரிடமிருந்து வருவது, உடலெங்கும் இருப்பது, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சரிபாதி வாய்ப்பில் செல்வது. லிஞ்ச் குடும்பங்களில் காண்பது இவ்வகைப் பிழையே. இரண்டாம் வகை, வாயிலில் விழுந்த மீத்தைல் முத்திரை. அது வாழ்நாளில், குடலின் ஒரு பகுதியில் மட்டும் நேர்வது. பெரும்பாலும் முதியோரிடம், அவர்களுள்ளும் பெண்களிடம், பெருங்குடலின் வலப்புறத்தில் காணப்படுவது. இது பிள்ளைகளுக்குச் செல்வதில்லை.

குடற்புற்றுகள் நூற்றில் ஏறக்குறைய 15இல் பிழைதிருத்தும் வேலை நின்றுபோயிருக்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முத்திரையால் விளைந்தவையே.

சோதனை சொல்லும் செய்தி

அறுவையில் எடுத்த கட்டியிலேயே விடை அடங்கியுள்ளது. பிழைதிருத்தும் புரதங்கள் அதில் உள்ளனவா என்று முதலில் பார்க்கிறார்கள். எம்.எல்.எச்.1 இல்லையென்றால், அதன் வாயிலில் மீத்தைல் முத்திரை உண்டா என்றோ, பி.ஆர்.ஏ.எஃப். என்னும் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உண்டா என்றோ சோதிக்கிறார்கள். இருப்பின், அது பரம்பரை நோயன்று என்று பெரும்பாலும் துணியலாம். மிக அரிதாகவே இதற்கு விலக்கு உண்டு. இல்லையெனில், இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து, லிஞ்ச் நோய்த்தொகுதி என உறுதியானால் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சோதிக்கவேண்டும். பிழையைப் பெற்றவர் ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை குடலுள் நோக்கிக் கருவியால் சோதித்து, முளைகளைத் தொடக்கத்திலேயே அகற்றிவந்தால் புற்று வருவதைப் பெரிதும் தடுக்கலாம். அந்தத் தையற்காரப் பெண்மணிக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

சிகிச்சைக்கும் இச்சோதனை உதவுகிறது. பிழைகள் மலிந்த கட்டியை உடலின் காவற்படை எளிதில் அடையாளம் காணும். அதனைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து, இவ்வகைக் குடற்புற்று பரவிய நிலையில் முதற்சிகிச்சையாகவே 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

முத்திரைகளே நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றன. மலத்தில் உதிரும் டி.என்.ஏ.வில் பிறழ்ந்த முத்திரைகளையும் வேறு சில குறிகளையும் தேடும் சோதனை ஒன்று 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் அது நூற்றுக்கு 92 புற்றுகளைக் கண்டுபிடித்தது. எனினும், நோயில்லாதவரையும் சிலவேளை ஐயத்திற்கு உள்ளாக்குவது அதன் குறை.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

உலகில் 2022இல் மட்டும் ஏறக்குறைய 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடற் புற்று புதிதாய்க் கண்டறியப்பட்டது. மலத்தில் இரத்தம், காரணமற்ற இரத்தசோகை, மலங்கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாறுதல் ஆகியவற்றை மூலநோய் என்று தாமே முடிவுகட்டி நாள் கடத்தலாகாது. புகையையும் மதுவையும் விலக்குவதும் நன்று.

நோய் கண்ட வீட்டார், கட்டியில் பிழைதிருத்தும் புரதச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரைத் தயங்காமல் கேட்கவேண்டும். பரம்பரை நோயன்று எனத் தெரிந்தாலும், நோயாளியின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோர்க்கும் மற்றவரைவிட ஓரளவு வாய்ப்பு மிகுதி. ஆதலின் எந்த வயதில் சோதனையைத் தொடங்குவது என்று அவர்கள் கேட்டறிய வேண்டும்.

யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்று வந்தது என்பதைக் குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பாட்டியின் நோயைப் பேத்தியிடம் மறைப்பது அவளைக் காப்பதாகாது. அறிந்திருந்தால் அவள் உரிய காலத்தில் மருத்துவரிடம் செல்வாள்.