பிடிக்கவும் வேண்டும், மறைக்கவும் கூடாது

வெள்ளைப் பெயின்டுக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு வெயிலில் இன்னொரு வேலையும் தெரியும். புறஊதா ஒளி பட்டால் அதன் பரப்பில் எலெக்ட்ரான்கள் விடுபட்டு, அருகிலுள்ள நீரையும் ஆக்சிஜனையும் கடும் வினைத்திறன் கொண்ட துணுக்குகளாக மாற்றுகின்றன. சாயக்கழிவையும் பூச்சிக்கொல்லி எச்சத்தையும் அந்தத் துணுக்குகள் சிதைத்துவிடும். ஒளி பட்ட இந்த ஆக்சைடு தண்ணீரைப் பிளக்கும் என்று ஜப்பானியர்களான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய பிறகுதான் உலகத்தின் கவனம் இதன்மீது திரும்பியது.

சந்தையில் கிடைக்கும் நானோ தூள் ஒரு கிராமை எடுத்துக்கொண்டால், அதன் துகள்களின் மொத்தப் பரப்பு சுமார் 50 சதுர மீட்டர். சிறிய வீட்டின் தரை அளவு! ஆனால் தண்ணீரில் போட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன, பரப்பு வீணாகிறது. வேலை முடிந்ததும் பால்போலக் கலங்கிய நீரிலிருந்து 20 நானோமீட்டர் துகள்களை வடித்தெடுப்பதும் பெரும்பாடு.

எனவே அவற்றைப் பிடித்துவைக்க இழை தேவைப்படுகிறது. பாலிமர் கரைசலில் தூளைப் போட்டு, கட்டிகள் உடையும்வரை மீயொலியால் கலக்குகிறார்கள். கரைசலை ஊசிவழியே மெல்லத் தள்ளி, 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஊசிமுனைத் துளி கூம்பாக நீள்கிறது. அந்தக் கூம்பின் வடிவத்தை 1964-ல் கணக்கிட்டவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர். கூம்பின் நுனியிலிருந்து பாயும் தாரை சற்றுத் தூரம் நேராகச் சென்று, பிறகு சாட்டையாகச் சுழன்று மெலிகிறது. கரைப்பான் ஆவியாக, அலுமினியத் தாளில் வெள்ளைத் துணியாகப் படிகிறது. இழையின் தடிமன் சில நூறு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70,000.

இதுதான் மின்நூற்பு. 1934-லேயே ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இழைக்குள் ஆழப் புதைந்த துகளுக்கு ஒளியும் எட்டாது, சாயமும் எட்டாது. வெளியே தொற்றிக்கொண்டிருப்பதோ நீரோட்டத்தில் கழன்றுவிடும். இழை படியும்போதே பக்கத்து ஊசியிலிருந்து துகள்களை அதன்மேல் தெளிப்பது ஒரு வழி. இரண்டு பாலிமர்களைக் கலந்து நூற்று, பின்னர் ஒன்றை மட்டும் கரைத்து இழையில் துளைகள் உண்டாக்குவது இன்னொரு வழி. ஆய்வாளர்கள் லி, ஷியா இருவரும் 2003-ல் வேறொன்று செய்தார்கள்: டைட்டானியச் சேர்மம் கலந்து நூற்ற இழையை 500 டிகிரி செல்சியஸில் சுட்டு, பாலிமரையே எரித்துவிட்டார்கள். மிஞ்சியது முழுக்க ஆக்சைடு இழை. ஆனால் சுட்ட இழைக்குத் துணியின் வளைவு கிடையாது, எளிதில் நொறுங்கும்.

பாலிமரை வைத்துக்கொண்டாலும் நிம்மதியில்லை. சாயத்தைத் தின்னும் வினையூக்கியான ஆக்சைடு, தன்னைத் தாங்கும் இழையையும் மெல்ல அரிக்கும். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு உறுதியானது என்பதால்தான் பலர் பாலிவினைலிடின் ஃபுளோரைடை நாடுகிறார்கள்.

சோதனைச் சாயமான மெத்திலீன் நீலம் வெளுத்துவிட்டது என்பது மட்டும் வெற்றிக்குச் சான்றாகாது. சாயம் சிதையாமல் இழையில் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் தெளிந்துதான் தெரியும். அதனால் அதே துணியை இருட்டிலும் ஊறவைத்து ஒப்பிட வேண்டும். பலமுறை பயன்படுத்திய பிறகு, நீரில் டைட்டானியம் கசிந்திருக்கிறதா என்றும் அளந்து பார்க்க வேண்டும்.